மாயப் பொருள்களும் மரணமில்லா வாழ்வும்

(பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு)

முன்னுரை

பிறந்தவர் யாவரும் ஒருநாள் இறப்பர் என்பது உலகறிந்த உண்மை. ஆயினும் அவ்வுண்மைக்கு நம் மனம் எளிதில் இசைவதில்லை. சாவை வெல்ல வேண்டும் என்னும் ஆசை மனிதனோடு பிறந்தது. அவ்வாசையைச் சொல்லும் கதைகளும் மிகப் பழமையானவை. அக்கதைகளில் சாவை வெல்லப் புறப்படுகிறவன் ஏதேனும் ஒரு பொருளை நாடுகிறான். அது மோதிரமாக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், கூண்டில் அடைபட்ட கிளியாகவும் இருக்கலாம்.

இன்று நம் தோழியர் விரும்பிப் படிக்கும் கற்பனைப் புதினங்களிலும் இத்தகைய மாயப் பொருள்கள் நிறைய வருகின்றன. மந்திரமும் சூனியமும் நிறைந்த இந்நூல்களைப் பிள்ளைகள் படிக்கலாமா என்று பெற்றோர் சிலர் கவலையோடு கேட்பதுண்டு. அக்கவலையை நாம் தள்ளிவிடலாகாது. ஆகவே, இந்நூல்கள் சாவாமையைப் பற்றி உண்மையில் என்ன சொல்கின்றன என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

உயிரை ஒளித்து வைத்தவர்கள்

‘ஏழு மலை தாண்டி, ஏழு கடல் தாண்டி’ என்று நம் பாட்டிமார் கதை சொல்லத் தொடங்கினால், அங்கே ஒரு கிளி இருக்கும் என்பதும், அக்கிளிக்குள் மந்திரவாதியின் உயிர் இருக்கும் என்பதும் நமக்கு உடனே விளங்கிவிடும். இக்கதை நமக்கு மட்டும் உரியதன்று. 1868-ஆம் ஆண்டு மேரி ஃபிரியர் என்னும் ஆங்கிலப் பெண்மணி, ‘பழைய தக்காண நாட்கள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கதைத் தொகுதியை வெளியிட்டார். அவருடைய தந்தை பம்பாய் மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். அக்கதைகளை மேரிக்குச் சொன்னவர், அவர்கள் வீட்டில் ஆயாவாகப் பணி செய்த அன்னா லிபெராட்டா டி சோசா என்னும் கிறிஸ்தவப் பெண்மணி. தம் பாட்டியிடம் கேட்ட கதைகளையே அவர் சொன்னார்.

அத்தொகுதியின் முதற்கதை ‘பஞ்ச்கின்’ என்னும் மந்திரவாதியைப் பற்றியது. அவனுடைய உயிர் ஒரு சிறு பச்சைக் கிளியில் இருந்தது. அடர்ந்த காட்டின் நடுவே பனைமரங்கள் வட்டமாக நின்றன. வட்டத்தின் நடுவில் தண்ணீர்ப் பானைகள் ஆறு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஆறாம் பானையின் அடியில் அக்கிளியின் கூண்டு இருந்தது. இளவரசன் கிளியைக் கைப்பற்றி அதன் சிறகைப் பிடுங்கியபோது, மந்திரவாதியின் கை கழன்று விழுந்தது.

ருசிய நாட்டுக் கதைகளில் ‘சாவில்லாத கோஷெய்’ என்னும் கொடியவன் வருகிறான். அவனுடைய சாவு ஓர் ஊசியின் நுனியில் இருக்கிறது. ஊசி முட்டைக்குள்; முட்டை வாத்துக்குள்; வாத்து முயலுக்குள்; முயல் பெட்டிக்குள்; பெட்டி கடல் நடுத் தீவில் ஒரு கருவாலி மரத்தடியில். நார்வே நாட்டுக் கதையில் ஓர் அரக்கன் தன் இதயத்தை உடலில் வைத்துக்கொள்ளவில்லை. தொலைவில் ஓர் ஏரி, ஏரியில் தீவு, தீவில் தேவாலயம், தேவாலயத்தில் கிணறு, கிணற்றில் வாத்து, வாத்துக்குள் முட்டை, முட்டைக்குள் அவன் இதயம்! இவற்றைப் போன்ற பல நாட்டுக் கதைகளை ஜேம்ஸ் ஃபிரேசர் என்னும் அறிஞர் 1890-இல் வெளிவந்த தம் ‘பொற்கிளை’ என்னும் நூலில் தொகுத்து ஆராய்ந்துள்ளார்.

இக்கதைகளில் ஓர் ஒற்றுமையை நாம் கவனித்தோம். எத்தனை பானைகளின் அடியில் வைத்தாலும், எத்தனை முட்டைக்குள் வைத்தாலும், அந்த இரகசியம் வெளிப்படுவது அதற்கு உரியவனின் வாயினாலேயே. பஞ்ச்கின் தான் சிறைப்படுத்திய இளவரசியிடம் அதைச் சொல்கிறான். நார்வே அரக்கனும் தான் கவர்ந்து வந்த இளவரசியிடம் சொல்கிறான். உயிரை உடலுக்கு வெளியே வைத்தவனாலும் அன்புக்கு ஏங்காமல் இருக்க முடியவில்லை. தன்னை நேசிப்பதாக யாராவது சொல்லமாட்டார்களா என்று அவன் காத்திருக்கிறான். பாட்டிமார் கதையிலேயே எவ்வளவு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

மோதிரத்தில் வாழ்ந்தவன்

இப்பழைய கருத்தை எடுத்துப் பெரும் புதினமாக விரித்தவர் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழியைக் கற்பித்த இவர் ஒரு கத்தோலிக்கர். இவருடைய ‘மோதிரங்களின் தலைவன்’ என்று பொருள்படும் புதினம் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதில் சவுரான் என்னும் தீய தலைவன், எரிமலையின் நெருப்பில் ஒரு மோதிரத்தை வார்த்து, தன் ஆற்றலின் பெரும்பகுதியை அதற்குள் ஊற்றி வைக்கிறான். மோதிரம் இருக்கும்வரை அவனை அடியோடு அழிக்க முடியாது. அது உருகிப்போனால் அவனும் ஒழிந்தான். ஆகவே, அம்மோதிரமும் ஒரு கிளிக்கூண்டே எனலாம்.

மோதிரத்தை அணிந்த பிறருக்கு என்ன நேர்ந்தது? ஸ்மீகல் என்பவன் தன் பிறந்தநாளன்று, அம்மோதிரத்திற்காகவே தன் நண்பனைக் கொன்றான். பின்பு ஏறத்தாழ 500 ஆண்டுகள் வாழ்ந்தான். எங்கே? மலைக்கு அடியில், இருட்டில், பச்சை மீனைத் தின்றுகொண்டு, சூரியனைக் கண்டு அஞ்சிக்கொண்டு! அவன் தொண்டையிலிருந்து எழும் ஓசையே அவனுக்குப் பெயராகி, ‘கோல்லம்’ என்று அழைக்கப்பட்டான். சொந்தப் பெயரையும் அவன் இழந்தான். சவுரான் வேறு ஒன்பது மோதிரங்களை மனிதருக்குக் கொடுத்தான். அவற்றைப் பெற்ற ஒன்பது பேரும் சாகவில்லை. ஆனால் நாளடைவில் கண்ணுக்குத் தெரியாத நிழல்களாகி, சவுரானின் அடிமைகளாயினர்.

நல்லவனான பில்போவும் அதன் பிடியிலிருந்து முற்றும் தப்பவில்லை. 60 ஆண்டுகள் மோதிரத்தை வைத்திருந்த அவன், தன் 111-ஆம் பிறந்தநாளிலும் முதுமை தெரியாமல் இருந்தான். அண்டை வீட்டார் வியந்தனர். ஆனால் தான் உள்ளுக்குள் மெலிந்து வருவதை அவனே உணர்ந்து நண்பரிடம் சொல்கிறான். ஒரு படி பாலில் தண்ணீர் ஊற்றி நான்கு படி ஆக்கலாம். பால் நான்கு படி ஆகிவிடுமா? அதுபோலத்தான் அந்த நீண்ட ஆயுளும்.

தம் புதினம் அதிகாரத்தைப் பற்றியது என்று பலரும் கருதியபோது, சாவும் சாவாமையுமே அதன் உண்மையான பொருள் என்று டோல்கீன் கடிதங்களில் எழுதினார். அவர் 1973-இல் இறந்தபின், 1977-இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ என்னும் நூலில் இக்கருத்து இன்னும் தெளிவாக வருகிறது. அதில் எல்ஃப் என்னும் இனத்தாருக்குச் சாவு இல்லை, மனிதருக்கு உண்டு. அச்சாவைத் தண்டனை என்று கூறாமல், படைத்தவர் மனிதருக்கு அளித்த கொடை என்றே நூல் கூறுகிறது. அக்கொடையை வெறுத்து, சாவாமையைப் படைபலத்தால் பறிக்கச் சென்ற நூமெனோர் தீவின் அரசனுடைய நாடே கடலில் மூழ்கிப் போயிற்று.

ஏழு துண்டான ஆன்மா

அடுத்து, நாம் யாவரும் அறிந்த ஹாரி பாட்டர் புதினங்களுக்கு வருவோம். ஜே. கே. ரௌலிங் எழுதிய இவ்வேழு நூல்களும் 1997 முதல் 2007 வரை வெளிவந்தன. இவற்றில் வரும் வோல்டமோர்ட், சாவைத் தவிர வேறொன்றுக்கும் அஞ்சாதவன். தன் ஆன்மாவைத் துண்டாக்கிப் பல பொருள்களில் ஒளித்து வைக்க அவன் முடிவு செய்கிறான். அத்தகைய பொருளுக்கு ‘ஹார்க்ரக்ஸ்’ என்று ஆசிரியை பெயரிட்டுள்ளார். ஒரு நாட்குறிப்பு, ஒரு மோதிரம், ஒரு பதக்கம், ஒரு கிண்ணம், ஒரு முடியணி, ஒரு பாம்பு ஆகிய ஆறும் அவன் தேர்ந்தெடுத்தவை. ஏழாவது துண்டு அவன் உடலிலேயே இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. அவன் அறியாமலே இன்னொரு துண்டு குழந்தை ஹாரியிடம் ஒட்டிக்கொண்டது.

ஆன்மாவைத் துண்டாக்கும் வழி யாது? கொலை. வேண்டுமென்றே ஓர் உயிரைக் கொன்றால் கொன்றவனின் ஆன்மா கிழிகிறது. கிழிந்த துண்டையே பொருளுக்குள் அடைக்கிறான். ஒவ்வொரு துண்டுக்கும் பிறர் ஒருவரின் உயிர் விலையாகிறது. இங்கே ஆசிரியை ஒரு நுட்பமான உண்மையைக் கூறுகிறார். கொலையுண்டவர் உடலை இழந்தார். ஆன்மா முழுமையாகச் சென்றது. கொன்றவன் உடலைக் காத்துக்கொண்டான், ஆன்மா கந்தலாயிற்று. இருவருள் அதிகம் இழந்தவர் யார்?

வோல்டமோர்டின் திட்டம் ஒருவகையில் பலித்தது. ஹாரியைக் கொல்ல வந்த இரவில் அவன் உடல் அழிந்தது, உயிர் போகவில்லை. ஆனால் அதன்பின் 13 ஆண்டுகளுக்கு மேல் உடலில்லாமல், பிற உயிர்களை ஒட்டிக்கொண்டு அலைந்தான். அவன் விரும்பிய சாவாமை அவனுக்குக் கிடைத்தது; வாழ்வு கிடைக்கவில்லை.

அவன் செய்த பொருள்களுள் மிகவும் அச்சம் தருவது நாட்குறிப்பே என்பது எங்கள் கருத்து. வாள் கிடைத்தால் ஒதுங்கிச் செல்வோம். நாட்குறிப்பைக் கண்டால் யார் அஞ்சுவார்? அது ஜின்னி என்னும் 11 வயதுச் சிறுமியின் கையில் கிடைக்கிறது. விடுதிக்குப் புதிதாக வந்தவள். பேச்சுத் துணை இல்லாதவள். தன் மனக்குறைகளை அதில் எழுதுகிறாள். அது இனிமையாகப் பதில் எழுதுகிறது, எப்போதும் கேட்கிறது, ஒருபோதும் சலித்துக்கொள்வதில்லை. அவள் மனத்தை ஊற்ற ஊற்ற, அதற்குள் இருப்பவன் வலிமை பெறுகிறான். அவள் வெளிறிப் போகிறாள். தான் எங்கே சென்றோம், என்ன செய்தோம் என்பதும் அவளுக்கு நினைவில்லை. தோழியரே, நம்மிடம் அன்போடு கேட்டுக்கொண்டிருப்பவை எல்லாம் நம் நன்மைக்காகவே கேட்கின்றன என்று எண்ணிவிடலாகாது. தாயிடமோ, ஆசிரியையிடமோ, ஒரு நல்ல தோழியிடமோ ஜின்னி ஒருமுறை வாய் திறந்திருந்தால் அந்நாட்குறிப்புக்கு அவள்மேல் அவ்வளவு அதிகாரம் வந்திருக்காது.

கிழிந்த ஆன்மாவைத் திரும்ப ஒட்டவைக்க வழி உண்டா? ஒரே ஒரு வழி உண்டு என்று கதையில் வருகிறது. செய்த குற்றத்திற்காக மனம் நொந்து வருந்துவதே அது. அவ்வருத்தத்தின் வேதனை ஆளையே அழித்துவிடக்கூடியதாம். இறுதிப் போரில், தன்னைக் கொல்ல நிற்கும் வோல்டமோர்டைப் பார்த்து ஹாரி அவ்வழியை நினைவூட்டுகிறான். அவன் ஏற்கவில்லை. ஞானோபதேச வகுப்பில் நாம் படிக்கும் உத்தம மனஸ்தாபம் இவ்விடத்தில் நம் நினைவுக்கு வராமல் இராது.

ஒரு தோழியின் கேள்வி

இவற்றையெல்லாம் எங்கள் வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தோழி கேட்டாள்: “அவன் தனக்காகச் செய்தான், அது தப்பு. எங்க அம்மா படுத்த படுக்கையா இருந்து, அவங்களுக்காக நான் அந்தக் கல்லைக் கேட்டா அதுவும் தப்பா?” எங்களுள் ஒருவராலும் உடனே விடை கூற இயலவில்லை.

இது நியாயமான கேள்வி. இந்நூல்களை எழுதிய இருவருமே இக்கேள்வியைத் தம் வாழ்வில் அறிந்தவர்கள். டோல்கீன் நான்கு வயதில் தந்தையை இழந்தார். கத்தோலிக்க மறையில் சேர்ந்ததற்காக உறவினரின் உதவியை இழந்து, அவரை வறுமையில் வளர்த்த தாய் மேபெல் 1904-இல் காலமானார். அப்போது டோல்கீனுக்கு 12 வயது. அவரையும் அவர் தம்பியையும் வளர்க்கும் பொறுப்பை அருட்தந்தை பிரான்சிஸ் மார்கன் ஏற்றார். ரௌலிங் அம்மையார் ஹாரியின் கதையை எழுதத் தொடங்கிய 1990-ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் 30-ஆம் நாள், அவர் தாய் 45 வயதில் நரம்பு நோயால் இறந்தார். மகள் எழுதிக்கொண்டிருந்த கதையைப் பற்றி அத்தாய்க்குத் தெரியாது. அதன்பின் ரௌலிங் எழுதியதே மாயக் கண்ணாடியைப் பற்றிய அதிகாரம்.

அக்கண்ணாடி பார்ப்பவரின் உள்ளத்து ஆசையைக் காட்டும். ஹாரி அதில் இறந்துபோன தன் பெற்றோரைக் காண்கிறான். தாய் அழுதுகொண்டே சிரிக்கிறாள். அவன் இரவுதோறும் வந்து அதன்முன் அமர்ந்துவிடுகிறான். தலைமையாசிரியர் டம்பிள்டோர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, தண்டிக்கவும் இல்லை. அருகில் அமர்ந்து பேசி, மீண்டும் அதைத் தேடி வரவேண்டாம் என்று அன்போடு சொல்கிறார். பெற்றோரை ஏங்குவது தவறு என்று அவர் கூறவில்லை. அக்கண்ணாடியின் முன்னேயே வாழ்நாளைக் கழித்துவிடக்கூடாது என்பதே அவர் கருத்து.

கடைசி நூலில் மூன்று சகோதரர் கதை ஒன்று வருகிறது. அதில் இரண்டாமவன், இறந்தோரை அழைக்கும் கல்லைச் சாவினிடமிருந்து பெறுகிறான். தான் மணக்க இருந்த பெண்ணை அழைக்கிறான். அவள் வருகிறாள். ஆனால் இவ்வுலகம் அவளுக்கு உரியதாக இல்லை, துயரத்தோடு நிற்கிறாள். அவன் ஏக்கத்தால் அறிவு கலங்கித் தன் வாழ்வையும் இழக்கிறான். அவனுடைய அன்பு பொய்யன்று. ஆயினும் அவன் எண்ணியது தன் தனிமையையே. அவளுடைய அமைதியை அவன் எண்ணவில்லை.

ஆகவே, தோழிக்கு நாங்கள் கண்ட விடை இது: தாய் பிழைக்க வேண்டும் என்று வேண்டுவது தவறன்று. மருத்துவரை நாடுவதும், இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்வதும் அன்பின் கடமைகள். ஆனால் அதற்கு இன்னோர் உயிரை விலையாகக் கேட்கும் பொருளோ, அவரைப் போகவும் விடாமல் வாழவும் விடாமல் கட்டி வைக்கும் பொருளோ, நம் தாய்க்கு நாம் தரும் பரிசு ஆகாது.

கொடுக்க முடிந்தவர்கள்

நல்ல பொருளையும் தீய பொருளையும் பிரித்தறிய இக்கதைகள் ஓர் எளிய சோதனையைத் தருகின்றன. உரியவரால் அதை விட்டுக்கொடுக்க முடிகிறதா? இதுவே அச்சோதனை.

ரௌலிங்கின் முதல் நூலில் ஆயுளை நீட்டிக்கும் கல் ஒன்று வருகிறது. அதைச் செய்தவராகக் கூறப்படும் நிக்கொலாஸ் ஃபிளமெல், பாரிஸ் நகரில் உண்மையாகவே வாழ்ந்த ஒரு பிரதியெழுத்தாளர். அவர் 1418-இல் இறந்தார்; அவருடைய கல்லறைக் கல் இன்றும் அந்நகரின் குளூனி அருங்காட்சியகத்தில் உள்ளது. இறந்து ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குப் பின்பே அவரை இரசவாதி ஆக்கிக் கதைகள் எழுந்தன. புதினத்தில் அவருக்கு 665 வயது. மனைவி பெரெனெல்லுக்கு 658 வயது. அக்கல் தீயவன் கைக்குப் போய்விடக்கூடாது என்று அறிந்ததும், அதை அழித்துவிட அவர் இசைகிறார். அழித்தால் தாமும் மனைவியும் இறக்க நேரும் என்பதை அறிந்தே இசைகிறார்.

டோல்கீனின் கதையில், நண்பர் வற்புறுத்தியபோது பில்போ மோதிரத்தை விட்டுச் சென்றான். ஏழைத் தோட்டக்காரனான சாம், சிறிது காலம் தான் சுமந்த மோதிரத்தைத் தன் எஜமானன் ஃபுரோடோவிடமே திருப்பிக் கொடுத்தான். உலகத்தையே ஆள உதவும் பொருளை மனமுவந்து விட்டவர்கள் இச்சிறியவர்களே! எரிமலையின் விளிம்பில் ஃபுரோடோவாலும் அதை விட முடியவில்லை. ஆனால் முன்பு பில்போவும் ஃபுரோடோவும் இரக்கப்பட்டு உயிரோடு விட்ட ஸ்மீகலே மோதிரத்தைப் பறித்து, அதனோடு நெருப்பில் விழுந்தான். வலிமையால் முடியாததை இரக்கம் முடித்துவைத்தது. அந்நாளைப் பேராசிரியர் மார்ச் 25 என்று குறித்திருக்கிறார். அது மங்கள வார்த்தைத் திருநாள் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஹாரியின் தாய் லில்லி எந்த மாயப் பொருளையும் கையில் எடுக்கவில்லை. மகனின் தொட்டிலுக்கு முன் நின்றார். தம் உயிரைக் கொடுத்தார். ஏழு துண்டாக ஒளித்து வைத்த உயிரைவிட, ஒரே முறையாகக் கொடுத்த உயிரே வலிமையுள்ளது என்பது ஏழு நூல்களின் முடிவிலும் விளங்குகிறது. ஹாரியும் இறுதியில் இறந்தோரை அழைக்கும் கல்லைக் காட்டில் கைநழுவ விட்டுவிட்டு, பிறருக்காகச் சாவை நோக்கி நடக்கிறான்.

ஹாரியின் பெற்றோருடைய கல்லறையில், சாவே கடைசிப் பகைவன் என்னும் கருத்துடைய ஒரு வசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில் உள்ளது. அதைக் கண்டதும் ஹாரி திடுக்கிடுகிறான். சாவை அழிக்க நினைப்பது வோல்டமோர்டின் கூட்டத்தாருடைய எண்ணம் அன்றோ என்று ஐயுறுகிறான். அருகில் நின்ற தோழி ஹெர்மயனி, அது சாவிலிருந்து தப்பி ஓடுவதைக் குறிப்பதன்று, சாவுக்கு அப்பாலும் வாழ்வதைக் குறிப்பது என்று விளக்குகிறாள். சாவை வெல்லுதல் என்னும் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை இவ்விடம் நமக்குத் தெளிவாக்குகிறது.

முடிவுரை

கிளியில் வைத்தவனும், ஊசியில் வைத்தவனும், மோதிரத்தில் வைத்தவனும், ஏழு துண்டாக்கி வைத்தவனும் இறுதியில் தோற்றனர். அவர்கள் மறைவிடம் தேடியதில் குறைவில்லை. பிறருக்கு ஈயவேண்டிய உயிரைப் பூட்டி வைத்ததே அவர்கள் குறை. மந்திரக் கதைகளைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் இவற்றைத் தம் பிள்ளைகளோடு சேர்ந்து படித்துப் பேசுவார்களாயின், அக்கவலை பெரும்பாலும் நீங்கும் என்று நம்புகிறோம்.

நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளன்று, நாம் மலரும் மெழுகுவர்த்தியும் ஏந்திச் செல்கிறோம். அங்கே உறங்குவோரைத் திரும்ப அழைக்க நம்மிடம் எந்தக் கல்லும் இல்லை. அது நமக்கு வேண்டியதும் இல்லை. அவர்கள் நமக்குக் கொடுத்துச் சென்ற அன்பு நம்மிடம் இருக்கிறது. அதைப் பூட்டி வைக்காமல் பிறருக்குக் கொடுப்போமாக.